ஒன்பது மாடிக்கும் கேட்டது

லிஃப்ட் கம்பெனியில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காது என்பார்கள். "காதை அனுப்புங்க", "காது வந்தாச்சா?", "காது இன்னைக்கு லீவாம்" என்றெல்லாம் போனில் பேசிக்கொள்வதைக் கேட்டால், ஏதோ ஆஸ்பத்திரிக்குத் தவறிப்போய் வந்துவிட்டோமோ என்று புதிய ஆளுக்குச் சந்தேகம் வரும். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவுக்கு அருகில் தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் நிற்பான். மொட்டை மாடி அறையில் ஓடுகிற மோட்டாரில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அங்கிருந்தே சொல்லிவிடுவான். மேலே போய்க் கழற்றிப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட காதுக்குக் கேட்காத சத்தம் ஒன்றே ஒன்று உண்டென்றால் அது அவனுடைய குறட்டை.

கேட்டதில்லையே தவிர, கேள்விப்பட்டது ஏராளம். ஹாஸ்டலில் அவன் கட்டிலைச் சுற்றித் தினமும் காலையில் ஏழெட்டு செருப்பு கிடக்கும், ஒன்றுக்கும் ஜோடி இருக்காது. அண்ணன் கல்யாணத்துக்கு முந்தைய இரவு சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஹாலில் வரிசையாகப் படுத்தார்கள். விடிந்து எழுந்து பார்த்தால் ஹாலின் நட்டநடுவில் அவன் மட்டும் தீவு மாதிரி கிடக்கிறான். மற்றவர்கள் சமையலறையிலும் மாடிப்படியிலும், சித்தப்பா காரின் பின் சீட்டிலும் சுருண்டிருந்தார்கள். "டேய், உன்னைக் கட்டிக்கப்போறவளுக்கு நீ ஒண்ணும் வாங்கித் தர வேணாம்டா. ரெண்டு உருண்டை பஞ்சு போதும்" என்றார் சித்தப்பா, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு பாத்ரூமில் போய் வெகுநேரம் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

முப்பத்தாறு வயதில் அவனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அவள் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவள். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் கனத்த இரும்பு ஃபிரேமை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா, இப்ப போட்டது தெளிவா இருக்கா?" என்று கேட்பாள். எத்தனை பேர் எரிந்து விழுந்தாலும் அவள் குரல் உயராது.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் வெளியே சந்தித்து ஆறு முறை டீ குடித்தார்கள். ஆறு முறையும் விஷயத்தைச் சொல்லிவிடத்தான் நினைத்தான். டீ உள்ளே போனதே ஒழிய வார்த்தை வெளியே வரவில்லை.

சொல்லாததற்குத் தண்டனையாகத் தூக்கத்தை விட்டுக்கொடுத்தான். அவள் தூங்கும்வரை காத்திருப்பான். அப்புறம் குப்புறப் படுத்து, தலையணையைக் கடித்துக்கொண்டு, கோழித் தூக்கம் தூங்குவான். நாலு மணிக்கு எழுந்துவிடுவான். "சீக்கிரம் எழுந்திருக்கிற ஆளு" என்று அவள் தன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். பதினெட்டு இரவுகள் இப்படி ஒப்பேற்றினான்.

பத்தொன்பதாம் நாள் ஒரு துணிக்கடை லிஃப்டில் பதினோரு பேர் மாட்டிக்கொண்டார்கள். கையால் சக்கரத்தைச் சுற்றி அங்குல அங்குலமாகக் கீழே இறக்கி, கடைசி ஆளை வெளியே எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். சட்டையைக் கழற்றியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப்பிறகு ஞாபகம் இருப்பது, இருட்டில் தூக்கிவாரிப்போட்டுக் கண் விழித்ததுதான். பக்கத்தில் அவளும் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க அது சத்தம்?"

"எது?"

"இப்ப கேட்டுச்சே. எதையோ தரதரன்னு இழுத்த மாதிரி."

"நீதான்" என்றான்.

திட்டம் போட்டுச் சொல்லவில்லை. கொதிக்கிற பாத்திரத்தில் பட்ட கை தானாகப் பின்னுக்கு வருமே, அந்த மாதிரி வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

"நானா?"

"லேசாத்தான். குறட்டை மாதிரி."

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இருட்டிலும் அது அவனுக்குத் தெரிந்தது. "எங்க வீட்ல யாரும் சொன்னதே இல்லீங்களே" என்றாள், விரல்களுக்கு நடுவே. கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லியிருக்க மாட்டாங்க. மனசு கஷ்டப்படும்னு விட்டிருப்பாங்க" என்று அவளே முடித்தாள்.

லிஃப்ட் பாஷையில் சொன்னால், கதவு இன்னும் முழுசாக மூடியிருக்கவில்லை. ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், திறந்துகொண்டிருக்கும். அவனோ, "அதெல்லாம் பெரிய விஷயம் இல்லம்மா. நீ தூங்கு" என்றான். பொய் போதாதென்று பெருந்தன்மை வேறு.

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாளோ என்னவோ. சொன்னது காது. கல்யாணத்துக்கு வந்த கம்பெனி ஆட்கள் ஒவ்வொருவரும் அந்தக் காதின் அருமை பெருமைகளை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடவே போனார்கள்.

மறுநாள் காலையிலேயே வைத்தியம் தொடங்கிவிட்டது. முதலில் உயரமான தலையணை. அடுத்தது தலையணையே இல்லாமல். மூக்கின் மேல் ஒட்டுகிற பட்டை. படுக்கும் முன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சுப் பயிற்சி. துப்பட்டாவைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சு. பல்வலிக்காரி மாதிரி அப்படியே அவன் பக்கத்தில் வந்து படுப்பாள். விளக்கை அணைத்த பிறகுதான் கட்டுவாள், அவன் பார்த்துவிடக் கூடாதாம். மல்லாந்து படுத்தால்தான் குறட்டை வரும் என்று எங்கோ படித்துவிட்டு, நைட்டியின் முதுகில் பை வைத்து அதற்குள் ஒரு டென்னிஸ் பந்தைத் தைத்துக்கொண்டாள். புரண்டால் பந்து குத்தும். குத்தியதும் "ஸ்" என்று சத்தம் வராமல் முனகிவிட்டு மறுபடியும் ஒருக்களித்துக்கொள்வாள். அரைத் தூக்கத்தில் இருக்கிறவன் ஒவ்வொரு "ஸ்"ஸையும் எண்ணுவான்.

காலையில் விசாரணை நடக்கும்.

"நேத்து எப்படி இருந்துச்சு? முந்தாநேத்தைக்கு நேத்து பரவால்லயா, இல்ல முந்தாநேத்தே தேவலயா?"

"நேத்து நல்லா கொறைஞ்சிருந்துச்சு."

"நெஜமாவா, எனக்காகச் சொல்றீங்களா?"

ஒரு நாள் துணிந்து, "நேத்து சுத்தமா சத்தமே இல்ல. போயே போச்சு" என்று சொல்லிப்பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் அவனைத் திருப்பி, கடையில் செய்வது போலவே கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். "கண்ணு ரெண்டும் ரத்தமா இருக்கு. நீங்க ராத்திரி கண்ணே மூடல. எனக்காகப் பொய் சொல்லாதீங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவன் விழித்திருந்தது அவனுடைய குறட்டைக்குப் பயந்துதான். அந்தச் சிவப்பும் அவள் கணக்கிலேயே ஏறிவிட்டது.

விஷயம் அதற்குள் அவள் அம்மாவுக்குப் போயிருந்தது, தங்கைக்குப் போயிருந்தது, கடையில் கூட வேலை பார்க்கும் தோழிக்கும் போயிருந்தது. மாமியார் போன் செய்து அவனிடம் பேசினார். "அவ சின்ன வயசுல இப்படி இல்ல மாப்பிள்ளை. என்னமோ இப்ப வந்திருக்கு. நீங்க முகம் சுளிக்காம இருக்கீங்களாம். வேற யாரா இருந்தாலும் இந்நேரம் சொல்லிக்காட்டியிருப்பாங்க." அவன் "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க அத்தை" என்றான். போனை வைத்த பிறகு அவன் கன்னம் சூடாக இருந்தது. போன் சூடு என்று சொல்லிக்கொண்டான்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "ஹெட் ஆபீஸ்ல மூணு நாள் ட்ரெயினிங். முடிச்சிட்டு வந்தா இந்தக் கிளைக்கே பொறுப்பு குடுப்பாங்களாம். என் பேரைத்தான் மேனேஜர் முதல்ல சொன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன்."

"ஏன்?"

"ஒரு ரூம்ல மூணு பேரு தங்கணுமாம்" என்றாள். அப்புறம் அவனைப் பார்த்து, "ஏன்னு நீங்களே கேக்கறீங்களே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அவன் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான். 'போயிட்டு வா, உனக்குக் குறட்டையே கிடையாது.' எத்தனை வார்த்தை அது? சொன்னால், "அப்ப அன்னைக்கு?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க அவனால் ஆகாது. படி இறங்கிப் போய்விட்டான்.

இராத்திரி தூங்காதவன் பகலில் எங்காவது தூங்கித்தானே ஆக வேண்டும்? அவன் பொறுப்பில் இருந்த ஒன்பது மாடி ஆபீஸ் கட்டிடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறை அவனுக்கு வசதியாகக் கிடைத்தது. ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம். பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு, மோட்டாருக்குப் பக்கத்தில் அட்டையை விரித்து, மல்லாந்து படுத்து, மூன்று மாதக் கடனை ஐம்பது நிமிஷத்தில் தீர்க்கப் பார்ப்பான். அந்த அறையின் தரையில் இரும்புக் கயிறுகள் இறங்குவதற்கான ஓட்டைகள் உண்டு. ஓட்டைக்குக் கீழே ஒன்பது மாடி ஆழத்துக்கு வெறும் சுவர்கள்.

அந்தக் கட்டிடத்திலிருந்துதான் மூன்று வாரமாகப் புகார் வந்துகொண்டிருந்தது. லிஃப்ட் உறுமுகிறதாம், அதுவும் மத்தியானத்தில் மட்டும். காது கீழே வந்து, தலையைச் சாய்த்து நின்று கேட்டான். சத்தமே இல்லை. மேலே போய்க் கேட்டான், இல்லை. எண்ணெய் மாற்றினான். பேரிங்கைக் கழற்றிப் புதிது போட்டான். மறுநாள் மத்தியானம் லிஃப்ட் முன்னைவிட ஜோராக உறுமியதாக நாலாவது மாடியிலிருந்து எழுத்தில் புகார் வந்தது.

"என்னப்பா, ஊருக்கே கேக்குது, உனக்குக் கேக்கலயா?" என்றார் சூப்பர்வைசர். "கல்யாணம் ஆனா காது மந்தமாயிடும்னு சொல்வாங்க. இவ்வளவு சீக்கிரமாவா?"

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. பிழைப்புக்கு இருந்த ஒரே காதும் போய்விட்டதோ என்று பயந்து, ஒரு டாக்டரிடம் டோக்கன்கூட வாங்கி வைத்திருந்தான்.

அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு நேராக ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. தெரிந்த செருப்புதான். மேலே பார்த்தான். தோளில் பையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. ஒன்பதாவது மாடியிலிருந்து இங்கே வர இரும்பு ஏணி ஏற வேண்டும்.

அவன் பதறி எழுந்து உட்கார்ந்தான். கன்னத்தில் அட்டையின் வரி பதிந்திருந்தது.

"எப்ப வந்தே? எவ்வளவு நேரமா நிக்கறே?"

"கீழ லிஃப்ட்ல ஏறினதுலேர்ந்து கேட்டுக்கிட்டேதான் வர்றேன்" என்றாள். "ஒன்பது மாடி."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முதலில் லிஃப்ட் விளங்கியது: புகார், உறுமல், பேரிங். அதற்கு அரை நொடி கழித்து மற்றது விளங்கியது. ரத்தம் காதுவரை ஏறுவதை உணர்ந்தான்.

"லிஃப்ட்ல அஞ்சு பேர் இருந்தாங்க" என்று அவள் நிதானமாகச் சொன்னாள். "மோட்டார் போச்சுன்னாரு ஒருத்தர். மெக்கானிக் மேலதான் பார்த்துக்கிட்டிருக்காருன்னாரு இன்னொருத்தர். எனக்கு அந்தச் சத்தத்தை எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி கேட்ட அதே சத்தம். முழிச்சிக்கிட்டு நிக்கறேன், பை தோள்ல இருக்கு, பக்கத்துல ஆளுங்க நிக்கறாங்க, என் குறட்டை மேலேர்ந்து வருது. நான் என்ன பண்ணேன் தெரியுமா? வாயை மூடிப் பார்த்தேங்க. நெஜமாவே கையை வெச்சு மூடிப் பார்த்தேன். நிக்கல."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வந்தது "பயந்துட்டேன்" என்பது மட்டும்தான்.

"எதுக்கு? நான் என்ன செருப்பையா தூக்கி எறிஞ்சிருப்பேன்?"

அவளுக்கு ஹாஸ்டல் கதை தெரியாது. தெரியாமலே சரியான இடத்தில் போட்டாள். அவன் தலை குனிந்தான்.

"பந்து வெச்சுத் தெச்சேனே" என்றாள். குரல் இப்போதுதான் லேசாக நடுங்கியது. "பக்கத்துல உக்காந்து பார்த்தீங்க. நூல் சரியா ஏறலன்னதும், குடுன்னு வாங்கி ஊசியில கோத்துக் குடுத்தீங்க."

கோத்துக் கொடுத்தது உண்மை. அந்த ஊசியின் கண் அவ்வளவு சின்னது, அந்தப் பொய் அவ்வளவு பெரியது, இருந்தும் இரண்டும் ஒரே கையில் இருந்திருக்கின்றன. அவன் வாழ்க்கையில் பல இடங்களில் அசடு வழிந்திருக்கிறான். இவ்வளவு நிராயுதபாணியாக, கன்னத்தில் அட்டை வரியோடு, எங்கும் உட்கார்ந்ததில்லை.

அவள் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். "மேனேஜர் இன்னொரு தடவை கேட்டாரு. மூணு மணிக்குள்ள சொல்லணுமாம். கொறைஞ்சிருக்குன்னு சொல்றீங்களே, மூணு நாள் அடுத்தவங்களோட தங்கற அளவுக்குக் கொறைஞ்சிருக்கா, நேராக் கேட்டுட்டு எழுதலாம்னு வந்தேன்." சுற்றிலும் பார்த்தாள். "பேனா இருக்கா?"

கொடுத்தான். கன்ட்ரோல் பெட்டியின் மேல் தாளை வைத்து, கை தெரியாத வேகத்தில் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். ஏணியில் இறங்கும்போது அவன் கை நீட்டினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளே இறங்கினாள்.

லிஃப்டில் இருவரும் சேர்ந்தே ஏறினார்கள். ஏழாவது மாடியில் ஃபைல்களோடு இரண்டு பேர் நுழைந்தார்கள். நாலாவதில் அந்த எழுத்துப் புகார்க்காரரே ஏறினார். யூனிஃபார்மைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"என்ன தம்பி, கண்டுபிடிச்சாச்சா? இப்ப சத்தத்தைக் காணோமே."

சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. பெல்ட் தளர்ந்திருந்தது, ஒயர் உரசியது. எதைச் சொன்னாலும் தலையாட்டியிருப்பார். அவள் அவனைப் பார்க்கவில்லை. கதவுக்கு மேலே மாறுகிற எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மோட்டார்ல ஒண்ணும் இல்ல சார்" என்றான். "நான்தான். மேல படுத்துத் தூங்கிட்டேன். அது என் குறட்டை."

ஃபைல்காரர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூணு வாரமாவா?" என்றார் நாலாவது மாடிக்காரர்.

"ஆமா சார்."

"பேரிங் மாத்தினியே?"

"மாத்தினேன் சார். அது நல்ல பேரிங்தான்."

ஃபைல்காரர்களில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். மற்றவர்களையும் அது தொற்றிக்கொண்டது. தரைத்தளம் வரை சிரித்தார்கள், கதவு திறந்த பிறகும் சிரித்தார்கள். செக்யூரிட்டி அண்ணன் என்னவென்று கேட்க, நாலாவது மாடிக்காரர் நடித்தே காட்டினார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வாசலில் வெயிலில் நின்று, "வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலாம் என்று அவனுக்கு இருந்தது. அவள் போனை எடுத்து, எண்ணை அழுத்தி, அவன் முன் நீட்டினாள்.

"அம்மா. நீங்களே சொல்லுங்க."

மணி போய்க்கொண்டிருந்தது. பதினோரு பேரைக் கையால் இறக்கியபோதுகூட அவனுக்கு இப்படி வியர்க்கவில்லை.

"அத்தை, நான்தான் பேசறேன். அவ குறட்டை விடறதில்லீங்க. நான்தான் விடறேன். மொதல்லேர்ந்து நான்தான். அவ மேல பழியைப் போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் டிவியின் சத்தம் குறைக்கப்படுவது கேட்டது.

"அப்படியா" என்றார் மாமியார். பிறகு, ரொம்ப மரியாதையாக, "இருக்கட்டும் மாப்பிள்ளை. தூக்கத்துல வர்றதுக்கு யார் என்ன பண்ண முடியும்?" என்றார்.

அவன் ஆறு டீ குடித்தும் சொல்லாமல் விழுங்கியிருந்த விஷயத்துக்கு, அன்று ராத்திரி உயிரே போகிற மாதிரி பயந்ததற்கு, மொத்தப் பதிலும் அந்த ஒரு வரியில் இருந்தது. அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள். இதே அம்மாவின் பெண்தானே.

"குறட்டை தூக்கத்துல வந்துதுங்க அத்தை" என்றான். "பொய்யை முழிச்சிக்கிட்டுத்தான் சொன்னேன். மூணு மாசமா."

"சரி" என்றார் அவர். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

அவள் போனை வாங்கி வைத்தாள். "தங்கச்சி" என்று அடுத்த எண்ணை அழுத்தினாள். தங்கை அமைதியாக இருக்கவில்லை. "மாமா, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?" என்று தொடங்கி ஐந்து நிமிஷம் மூச்சு விடாமல் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவனுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தோழி, "அக்காவைக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த இரண்டு வார்த்தையில் அவனுக்குக் குளிர் எடுத்துவிட்டது.

"மேனேஜர்கிட்டயும் சொல்லட்டுமா?" என்று அவனாகவே கேட்டான்.

"வேணாம். அது என் வேலை, நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

படுக்கும் நேரம் வந்தது. அவன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு நடந்தான். அதுதான் முறை என்று பட்டது.

"எங்க போறீங்க?"

"நீ நிம்மதியா தூங்கு. நான் இங்க…"

"வாங்க இங்க."

போனான். நைட்டியின் முதுகுப் பக்கம் பிரித்த தையலின் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது பிரித்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. பார்க்காத மாதிரி படுத்தான்.

"குப்புற இல்ல. மல்லாந்து படுங்க. எப்பவும் எப்படித் தூங்குவீங்களோ அப்படி."

மல்லாந்து படுத்தான். அவள் படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"தூங்குங்க" என்றாள். "அன்னைக்குப் பாதியில கேட்டேன், இன்னைக்கு லிஃப்ட்ல கேட்டேன். இது எனக்குப் பழகுமா பழகாதான்னு முழுசா கேட்டாத்தானே தெரியும்? பழகலன்னா அப்ப ஹாலுக்குப் போங்க."

அட்டை விரித்த தரையில், ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் படுத்த மாத்திரத்தில் தூங்குகிறவன், சொந்த மெத்தையில் விறைத்துக் கிடந்தான். ஒரு ஜோடிக் கண் மேலே இருக்கும்போது எப்படித் தூக்கம் வரும்? நாக்கை எங்கே வைப்பது, மூச்சை எந்தப் பக்கம் விடுவது என்றுகூட மறந்துபோனது. பத்து நிமிஷம் இருக்கும். அவளைக் காக்க வைக்கிறோமே என்ற வெட்கத்தில், மூச்சை இழுத்து இழுத்து விட்டு, தூங்கிவிட்ட மாதிரி கிடந்தான்.

"நடிக்காதீங்க" என்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"மெதுவா தூங்குங்க. எனக்கும் இப்ப தூக்கம் வரல."

அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.